முட்டிவரை வெயில்

ரோட்டை மூன்றடி உயர்த்திவிட்டார்கள்.
அதுவரை தங்கச்சிமடத்தில்
என் கொல்லை எனக்கும் கோழிக்கும் மட்டும் தெரிந்த இடம்.
இப்போது ராமேஸ்வரம் போகிற பஸ்ஸெல்லாம்
ஜன்னலோடு குனிந்து
மல்லிகை நாற்றை எண்ணிவிட்டுப் போகின்றன.

தகரம் அடிச்சிரலாம் என்றார் வீட்டுக்காரர்.
உப்புக்காற்றில் தகரம்
ஒரு வருசத்தில் முறுக்காய் நொறுங்கும்,
அதற்குள் சூட்டில் நாற்று வெந்துவிடும்.
அவர் கடலுக்குப் போன நாளாகப் பார்த்து
உச்சிப்புளியிலிருந்து முன்னூறு பனைமட்டை இறக்கினேன்.
"யாரும்மா கட்டுறது?" என்றான் வண்டிக்காரன்.
எதிரே நின்றது நான்தான்.
அவன் எனக்குப் பின்னால் தேடினான்.

உயரம்தான் கணக்கில் வரவில்லை.
ரோடு மூன்று, பஸ்ஸின் தரை, சீட்டு,
உட்கார்ந்திருப்பவன் கண்
என்று கூட்டினால் ஒன்பதைத் தாண்டுகிறது.
வேலியை ஒட்டி நாற்காலி போட்டால்
ஏழடி போதும்.
நாற்று தெரிந்தால் தெரியட்டும்.

சவுக்குக் கம்பு பதினொன்று.
அடிப்பக்கம் லாஞ்சு எஞ்சினில் வடித்த
கறுப்பு ஆயில், கரையானுக்கு.
கடப்பாரை போட்டால் ஓரடி மணல்,
ஒன்றரையில் சிப்பி,
இரண்டடியில் தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்கிறது.
கம்பை நிறுத்தி
உடைந்த ஓட்டையும் அந்தச் சிப்பியையும் போட்டு இடித்தேன்.
கட்டுவதற்கு, கரையில் வீசிய வலையிலிருந்து
பச்சையும் நீலமுமாய்ப் பிரித்த நைலான்.
கருக்குச் சீவாமல் மட்டையைத் தொட்டதற்கு
உள்ளங்கையில் நாலு கோடு.

முதல் தடவை இடைவெளியே விடாமல் அடைத்தேன்.
பெருமையாக இருந்தது,
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் வந்த கச்சான்
வேலியைப் படகின் பாய் என்று நினைத்துக்கொண்டது.
விடிந்தபோது நாலு கம்பு
கத்தரிச் செடிமேல் படுத்திருந்தன.

இரண்டாம் தடவை
மட்டைக்கு மட்டை இரண்டு விரல்.
காற்று உள்ளே வந்து
கேட்காமலே வெளியே போனது.
ஜெனோவா ரோட்டில் நின்று பார்த்துச் சொன்னாள்:
"நாற்காலி தெரியலடி, மட்டைதான்."

நம்பிக்கை வராமல் மறுநாள் பாம்பன் போய்
அங்கிருந்து பஸ் ஏறினேன், ஜன்னலோரம்.
சர்ச் தாண்டியதும் கழுத்தை நீட்டினேன்.
நின்று பார்த்தால் வேலி.
ஓடிக்கொண்டே பார்த்தால்
மட்டைகள் கரைந்துபோகின்றன.
நைந்த சேலைபோல் ஒரு மறைப்பு, அதன் பின்னால்
வாளி, துவைகல், என் நீல பிளாஸ்டிக் நாற்காலி.
நாற்காலியில் ஆள் இல்லை.
இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.
பக்கத்து சீட்டு வடநாட்டு அம்மா
என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தாள்,
என்ன கோயில் என்பதுபோல்.

இதைச் சொல்லவில்லையே.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி டாக்டர்
மருந்து தடவி, காலை வெயிலில்
கால் மணி நேரம் காட்டச் சொல்லியிருக்கிறார்.
இரண்டு காலும், முட்டிவரை.
கணுக்காலில் ஒரு புள்ளியாகத் தொடங்கிய வெள்ளை
இப்போது கெண்டைக்காலில்
குருசடைத் தீவு, முயல் தீவு என்று
பெயர் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.
இது ஒட்டாது என்று
ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டேன்.
ஒவ்வொரு பஸ்ஸாக நிறுத்திச் சொல்ல முடியாது.

மூன்றாம் தடவை இன்னும் இருநூறு மட்டை.
குறுக்குக் கம்புக்கு வெளியே ஒரு வரிசை,
உள்ளே ஒரு வரிசை.
வெளியே சந்து விழுந்த இடத்தில்
உள்ளே மட்டை.
காற்று வளைந்து வருகிறது.
பார்வைக்கு வளையத் தெரியாது.
கரைக்கு வந்தவர்
தோளால் ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு
டீ கேட்டார்.

இன்று எட்டு மணி.
நாற்காலி, தண்ணீர்ச் செம்பு, மருந்தின் வாடை.
சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிக்
காலை நீட்டினேன்.
பாத்தி வரப்பில் ஓணான் ஒன்று
அதே வெயிலில்.

பஸ் வந்தது. ஹாரன்.
கை தானாகப் போய்ச்
சேலை விளிம்பைப் பிடித்தது.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை,
வேலி கட்டியாயிற்று என்று.